எல்லையோரக் குடும்பங்களில் மணமுறிவு: எந்த நீதிமன்றம், எந்தக் காகிதம்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கும், வேலந்தாவளத்திலிருந்து கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கும் பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிற வழக்கம். கல்யாணம் பெண் வீட்டுப் பக்கத்து மண்டபத்தில், குடித்தனம் மாப்பிள்ளை ஊரில், முதல் பிரசவம் மறுபடியும் அம்மா வீட்டில் என்று இரண்டு மாநிலங்களையும் ஒரே ஊராகப் பாவித்து வாழ்ந்து பழகிவிட்டோம். உறவு நன்றாக இருக்கும்வரை மாநில எல்லையில் நிற்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடி யார் கண்ணையும் உறுத்துவதில்லை. உறவு முறியும்போது அந்தக் கோடு வழக்கின் நடுவில் வந்து நின்றுகொள்கிறது. வக்கீல் குமாஸ்தாவாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பகுதி மக்களின் மனுக்களைச் சுமந்தவன் என்ற முறையில், வழக்கின் நியாயத்தைவிட வழக்குப் போடும் இடத்திலும் கையில் இருக்கும் காகிதத்திலும் நம்மவர்கள் அதிகம் தோற்பதைக் கண்டிருக்கிறேன். ஆகவே அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பத்திரத்தில் எழுதித் தீர்த்துக்கொண்டால் போதுமா?

போதாது. பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றை ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். “நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை” என்ற வாசகத்தின் கீழே இரு வீட்டு மாமன்மார்களும் ஊர்ப் பெரியவர்கள் மூவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் மை கரைந்து ஒரு பெரியவரின் பெயர் படிக்க முடியாமல் போயிருந்தது. அந்தத் தாளை நம்பி அவர் ஏழு ஆண்டுகள் ஜீவனாம்சமும் கேட்காமல், நகையையும் கேட்காமல் இருந்திருக்கிறார். கணவர் அதே தாளை நம்பி மறுமணமும் செய்துகொண்டார்.

சட்டத்தின் பார்வையில் அவர்களுடைய திருமணம் முறியவே இல்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 29ஆவது பிரிவு சாதி வழக்கப்படியான மணமுறிவுக்கு இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல், அந்தச் சமூகத்தில் பின்பற்றப்பட்டு வருகிறது என்பதைச் சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். வெறும் முத்திரைத்தாள் அதை நிரூபிக்காது. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாத நிலையில் செய்யும் இரண்டாம் திருமணம் செல்லாததோடு குற்றமும் ஆகிவிடக்கூடும். பெரியவர்கள் கூடிப் பேசி வைத்த சமரசத்தை நான் மதிக்கிறேன். அந்தச் சமரசத்தை மனுவாக எழுதி நீதிமன்றத்தின் முன் வைக்கும்போதுதான் அது இருவரையும் காக்கும்.

கிறிஸ்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். திருச்சபை நீதிமன்றம் திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும் சிவில் சட்டப்படி அது முறிந்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் கேரளத்திலிருந்து வந்த வழக்கிலேயே கூறியிருக்கிறது. முஸ்லிம் பெண்கள் நீதிமன்றத்துக்கு வெளியே குலா முறையில், அதாவது மனைவியே முன்வந்து கேட்டு, மணமுறிவு பெறுவதைக் கேரள உயர் நீதிமன்றம் 2021இல் ஏற்றுக்கொண்டது. அப்படிப் பெற்றவர்களும் குடும்ப நீதிமன்றத்தில் அதைப் பதிவு செய்து ஓர் உத்தரவை வாங்கி வைத்துக்கொள்வது பிற்காலச் சிக்கல்களைத் தவிர்க்கும்.

எந்த ஊர் நீதிமன்றம்?

இந்து திருமணச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் இப்போது குடியிருக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த இடம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் மீது அதிகாரம் கொண்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மனைவி மனுச் செய்தால், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, அவர் இப்போது குடியிருக்கும் இடத்திலேயே செய்யலாம். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்ட பெண், கணவர் ஊர் நீதிமன்றத்துக்குத்தான் போயாக வேண்டும் என்று எண்ணிப் பல மாதங்களைத் தள்ளிப்போடுவதற்குத் தேவையே இல்லை. சித்தூர்ப் பக்கத்தவர்களுக்குப் பாலக்காடு குடும்ப நீதிமன்றமும், கோவை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த மாவட்டத்தின் உரிய நீதிமன்றமும் வழக்கை ஏற்கும். மதம் கடந்து சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்தவர்களுக்கும் ஏறத்தாழ இதே விதிதான்.

இங்கே ஒன்றை மிகக் கவனமாக யோசிக்க வேண்டும். கணவர் கோவையிலும் மனைவி பாலக்காட்டிலுமாக ஆளுக்கொரு வழக்குப் போட்டுவிட்டால், ஒன்றை மற்றொன்று இருக்கும் இடத்துக்கு மாற்றச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை, எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி மாநிலம் விட்டு மாநிலம் வழக்கை மாற்றும் அதிகாரம் டெல்லியில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்கே உண்டு. பேருந்தில் ஒரு மணி நேரம் போகும் தொலைவுக்காக டெல்லிக்கு மனுப் போட வேண்டியிருக்கிறது என்று கேட்டு வாயடைத்துப் போனவர்கள் உண்டு. இதனால்தான் கோபத்தில் போட்டிக்கு வழக்குப் போடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறேன். முதல் வழக்கு நியாயமான இடத்தில் வந்திருந்தால் அங்கேயே எதிர்மனுவைத் தாக்கல் செய்யலாம். நேரில் வர இயலாத வாய்தாக்களுக்குக் காணொளி வழியாகத் தோன்ற அனுமதி கேட்கலாம்.

மனைவிக்கு உடனடிப் பாதுகாப்பு தேவைப்பட்டால் எல்லை இவ்வளவு இடையூறு செய்வதில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், அவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட்டிடமே மனுச் செய்யலாம், அங்கே பெறும் உத்தரவு நாடு முழுவதும் செல்லும். கொடுமை குறித்த குற்றப் புகாரையும் பெண் அடைக்கலம் புகுந்த ஊரின் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. “சம்பவம் அந்த ஸ்டேட்டில் நடந்தது, அங்கே போய்ச் சொல்” என்று திருப்பி அனுப்பினால், இந்தத் தீர்ப்பைச் சொல்லிப் புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள்.

சம்மன் மலையாளத்தில் வந்தால்

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு தாய், மகனுக்கு வந்த பதிவுத் தபாலை அவன் ஊரில் இல்லாததால் கையெழுத்துப் போட்டு வாங்கி, எழுத்துப் புரியாமல் அரிசி டிரம்முக்கு அடியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அது பாலக்காட்டிலிருந்து வந்த சம்மன். மகன் திருப்பூரிலிருந்து தீபாவளிக்கு வருவதற்குள் எதிர்தரப்பு வராத நிலையில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. அப்படி நேர்ந்தால் தீர்ப்பு நாளிலிருந்து, சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து, 30 நாள்களுக்குள் அதை நீக்கக் கோரி மனுச் செய்ய வேண்டும். காலம் கடந்திருந்தால் தாமதத்துக்கான காரணத்தையும் சேர்த்து விளக்க வேண்டும்.

முத்திரை குத்திய எந்தத் தாளையும், எழுத்துப் புரியவில்லை என்றால், அன்றைக்கே படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கவுன்சிலிங் அறையிலோ சமரச மையத்திலோ மலையாளத்தில் எழுதிய உடன்படிக்கையில் கையெழுத்துக் கேட்டால், தமிழில் வரிவரியாகப் படித்துச் சொல்லும்வரை பேனாவைத் தொட வேண்டாம். படித்துக் காட்டிப் பொருள் விளங்கிக் கையெழுத்திட்டதாக ஒரு வரியை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். இது உங்கள் உரிமை, கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

மனமொத்த பிரிவும் வழக்காடிப் பெறும் பிரிவும்

இருவரும் சம்மதித்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு வழி. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் கழித்து மறுபடி தோன்றிச் சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். இந்த ஆறு மாதம் கட்டாயமல்ல, சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கிறிஸ்தவர்களுக்குரிய விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவு இரண்டாண்டுப் பிரிவைக் கேட்டது. கேரள உயர் நீதிமன்றம் அதை 2010இல் ஓராண்டாகக் குறைத்து, 2022 டிசம்பரில் அந்தக் காத்திருப்பையும் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீக்கியது. சம்மதம் இல்லை என்றால் கொடுமை, இரண்டாண்டு தொடர்ந்து கைவிட்டிருத்தல், பிறருடன் உறவு போன்ற காரணங்களில் ஒன்றை நிரூபித்தாக வேண்டும். “இருவருக்கும் ஒத்துவரவில்லை” என்பது மட்டும் குடும்ப நீதிமன்றத்தில் காரணமாகாது. மீட்க முடியாதபடி முறிந்த உறவு என்று சொல்லித் திருமணத்தைக் கலைக்கும் தனி அதிகாரம் அரசியல் சட்டத்தின் 142ஆவது உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே இருக்கிறது.

நகை யாருடையது, வீடு யாருடையது?

எங்கள் பகுதி வழக்குகளில் பாதிச் சண்டை பவுனைப் பற்றியதாகவே இருக்கிறது, அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். திருமணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு வந்த நகையும் பணமும் பொருளும் அவருடைய சீதனம், அதன் மீது கணவருக்கு எந்த உரிமையும் கிடையாது. முதலிரவன்றே மாமியாரிடம் பாதுகாப்புக்காகக் கொடுத்த நகையை அடகு வைத்துக் கடன் அடைத்த கேரளத்து வழக்கு ஒன்றில், உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் இதை மறுபடியும் உறுதி செய்து, 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. கணவர் இக்கட்டில் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு.

எத்தனை பவுன் என்று நிரூபிப்பதில்தான் கஷ்டம் வருகிறது. நகைக்கடைப் பில்லைத் தேடி எடுங்கள். பில் இல்லையென்றால் கடையில் பழைய பதிவைக் கேட்டுப் பாருங்கள். கல்யாண ஆல்பத்தில் ஆரம், நெக்லஸ், வளையல், ஒட்டியாணம் தெளிவாகத் தெரியும் படங்களைத் தனியே எடுத்து வையுங்கள். அடகுக் கடை ரசீது, வங்கி நகைக் கடன் புத்தகம், லாக்கர் திறந்த பதிவேடு ஆகியவை நகை யார் கைக்குப் போனது என்று காட்டும். நகை வாங்க அப்பா தோட்டத்தை அடமானம் வைத்திருந்தால் அந்தக் கடன் பத்திரமும் சாட்சிதான். மருமகள் நகையைக் கொடுக்கும்போது மாமியாரிடம் ரசீது வாங்கும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை என்பதை நீதிமன்றங்கள் உணர்ந்திருக்கின்றன. இத்தகைய வழக்குகளில் குற்றவியல் வழக்கைப் போல இம்மியும் பிசகாத நிரூபணம் கேட்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025இல் சொல்லியிருக்கிறது. அதற்காகக் கணக்கைக் கூட்டிச் சொல்லாதீர்கள். நாற்பது பவுன் போட்ட இடத்தில் எழுபது என்று எழுதி, ஆல்பத்தைப் பார்த்த நீதிபதி மொத்தத்தையும் சந்தேகித்த வழக்கை நானே பார்த்திருக்கிறேன்.

வீடு, நிலம் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. மணமுறிவு என்றால் கணவர் சொத்தில் பாதி மனைவிக்கு வரும் என்று நம் இரு மாநிலங்களிலும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. யார் பெயரில் ஆவணம் இருக்கிறதோ அவருடையதே சொத்து. மற்றவர் தன் பணம் அதில் சேர்ந்திருப்பதை நிரூபித்துத் தன் பங்கைக் கேட்கலாம். கூட்டாக வாங்கியதென்றால் பங்கு பிரித்துத் தரக் கோரலாம். கணவர் உயிரோடிருக்கும்போது அவருடைய பூர்வீகத் தோட்டத்தில் மனைவிக்குத் தனிப் பங்கு கிடையாது. ஆயினும் நிரந்தர ஜீவனாம்சத்துக்கு ஈடாக அவருடைய நிலத்தின் மீது பொறுப்பு ஏற்றும், அதாவது அந்தத் தொகைக்கு நிலத்தைப் பிணையாக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது, அதைக் கேட்கத் தவறக் கூடாது. மாமனார் பெயரில் உள்ள வீடானாலும், இருவரும் குடும்பமாக வாழ்ந்த இல்லம் என்றால், அங்கே தங்கும் உரிமையை மனைவி கோரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

சொத்துக் காகிதங்களை எடுக்கும்போது இரண்டு மாநிலங்களின் பெயர்களும் குழப்பும். தமிழ்நாட்டில் பத்திரம் என்பதைக் கேரளத்தில் ஆதாரம் என்பார்கள். நாம் பட்டா மாற்றம் என்று கேட்பது அங்கே வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு. கிஸ்தி ரசீதுக்கு இணையாக அங்கே கரம் கட்டிய ரசீது இருக்கும். தோட்டம் எல்லைக்கு இருபுறமும் இருந்தால் இரண்டு இடத்திலும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். திருமணச் சான்றும் அப்படியே: கேரளத்தில் பஞ்சாயத்து அல்லது நகராட்சியில் பதிவாகியிருக்கும், தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில். பதிவே இல்லையென்றால் அழைப்பிதழும் மண்டப ரசீதும் படங்களும் துணை நிற்கும்.

சமரசத்தில் ஒரு வீட்டை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதாக முடிவானால், முத்திரைத் தீர்வைச் சலுகை குடும்ப உறவை வைத்தே கிடைக்கிறது என்பதை நினைவில் வைத்து, தீர்ப்புக்கு முன்பே எழுதுவதா, பின்பா என்று பத்திர எழுத்தரிடம் கணக்குக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஜீவனாம்சம்

ஜீவனாம்சம் கேட்பதற்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாகியிருக்கிறது. எந்த மதத்தவராயினும் மனைவி, மணமுறிவு பெற்று மறுமணம் செய்யாத பெண், பிள்ளைகள், பெற்றோர் இதன்கீழ் கேட்கலாம். மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் உறுதி செய்தது. மனைவி குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். மணமுறிவு வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சத்தை இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவின்கீழ் கணவரும்கூடக் கேட்க முடியும்.

சம்பளத்தில் கால் பங்கு என்பது சட்டம் என்று பலரும் சொல்கிறார்கள். அது 2017இல் ஒரு வழக்கின் சூழலில் உச்ச நீதிமன்றம் பொருத்தமானது என்று கருதிய அளவு மட்டுமே. 2020ஆம் ஆண்டு ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும், ஜீவனாம்சமும் மனுத் தேதியிலிருந்தே கணக்காகும். மாதச் சம்பளம் இல்லாத தோட்டக்காரரோ லாரி உரிமையாளரோ “எனக்கு வருமானமே இல்லை” என்று சொன்னால், பால் சொசைட்டிப் பாஸ்புத்தகம், தேங்காய் வியாபாரி அனுப்பிய பணம் வந்த வங்கிக் கணக்கு, வண்டிகளின் ஆர்.சி., டிராக்டர் கடன் தவணை ரசீது ஆகியவை பேசும். தினமும் அதிகாலையில் பால் கறந்து ஊற்றியவர் மனைவி என்றால், அந்தச் சின்னப் பாஸ்புத்தகத்தில் அவர் கையாலேயே எழுதிய லிட்டர் கணக்கே வருமானத்துக்கும் அவருடைய உழைப்புக்கும் சாட்சியாகிவிடும்.

மனைவி வேலைக்குப் போகிறார் என்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கப்படாது, அவருடைய வருமானம் போதுமானதா என்றே பார்ப்பார்கள். உத்தரவு இருந்தும் கட்டாவிட்டால் நிலுவை சேர்ந்த ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட வேண்டும், விட்டுவிட்டால் இந்த வழியில் வசூலிக்க முடியாது. மனமொத்த பிரிவில் “இனி எதுவும் கேட்கமாட்டேன்” என்று மனைவி எழுதிக் கொடுத்தாலும், பிள்ளைகளின் உரிமையை அவர் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

குழந்தை யாரிடம்?

சட்டம் கேட்பது குழந்தையின் நலன் என்ற ஒன்றைத்தான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு இளவர், காப்பாளர் சட்டம் கூறுகிறது. அதற்கு மேல் தாய், தந்தை இருவரில் யாருக்கும் தானாக வரும் உரிமை இல்லை. யோசித்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி தனியே கேட்டறிவார். மனுவை, குழந்தை வழக்கமாக வாழும் இடத்து நீதிமன்றத்தில் செய்ய வேண்டும். ஆகவே ஓர் இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டினால் இடம் மாறிவிடும் என்று நினைப்பது தவறு. அப்படிச் செய்தவர் மீது நீதிமன்றத்துக்கு நம்பிக்கை குறைவதே நடக்கும்.

எல்லையில் பள்ளி மாற்றம் என்பது பாடத்திட்டமும் மொழியும் மாறுவதாகும். கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு சிறுவன், இரண்டு ஆண்டுகளில் மூன்று மாற்றுச் சான்றிதழ்கள் வாங்கியதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. கல்வியாண்டு முடியும்வரை பள்ளியை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

பார்க்கும் உரிமையை “பண்டிகை விடுமுறையில்” என்று பொதுவாக எழுதிவிட்டால் அடுத்த தகராறு அதிலேயே பிறக்கும். கேரளப் பள்ளிகளின் பத்து நாள் ஓண விடுமுறை தமிழ்நாட்டில் இல்லை, தமிழ்நாட்டின் பொங்கல் விடுமுறை அளவுக்குக் கேரளத்தில் கிடைப்பதில்லை. எந்தப் பள்ளியின் எந்த விடுமுறையில், எந்த நாள் காலை எத்தனை மணிக்கு யார் அழைத்துச் சென்று, எங்கே கொண்டுவந்து விடுவது, மற்ற நாள்களில் வீடியோ அழைப்பு எத்தனை மணிக்கு என்பதுவரை எழுதுங்கள். ஒப்படைக்கும் இடமாக இரு வீட்டு வாசலையும் தவிர்த்து, குழந்தைக்குப் பழகிய சித்தி வீட்டையோ கோவிலையோ குறிப்பிடலாம்.

செலவும் பிறகு செய்ய வேண்டியவையும்

1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வக்கீல் கிடைப்பார். தாலுக்காவிலேயே இதற்கான குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கான அவசர உதவிக்கு 181.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல்கள் குறைந்தது மூன்று வாங்குங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணப் பேச்சை எடுக்க வேண்டாம். கேரளத்து ரேஷன் கார்டில் பெயர் இருக்கும்வரை தமிழ்நாட்டில் புதிய கார்டு கிடைக்காது, ஆகவே முதல் நகல் அந்தப் பெயர் நீக்கத்துக்குப் போகட்டும். பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பழைய துணைவரின் பெயரே நாமினியாக நிற்கும், அவற்றையும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள்.